வியாழன் இரவுகளின் வாதம்

அக்பர் பதேபூர் சிக்ரியில் இபாதத் கானா கட்டினார், எல்லாச் சமயத்தாரையும் அழைத்துப் பேசவிட்டார் என்று பாடநூல் இரண்டு வரியில் முடித்துவிடும். வகுப்பில் நான் அங்கே நிறுத்தியதில்லை. அந்த மண்டபத்தின் முதல் சண்டை கடவுளைப் பற்றியதல்ல, யார் எங்கே உட்காருவது என்பதைப் பற்றியது. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

மண்டபம் எழுந்தது 1575இல். வியாழன் இரவுகளில் கூட்டம். தொடக்கத்தில் வந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமே. இருந்தும் மரியாதை வரிசையில் முந்துவது யார் என்று பூசல் மூண்டது. அக்பர் திசை பிரித்துக் கொடுத்தார்: பிரபுக்களுக்குக் கிழக்கு, நபிகள் வழிவந்த சையதுகளுக்கு மேற்கு, மார்க்க அறிஞர்களான உலமாக்களுக்குத் தெற்கு, சூஃபி ஷேக்குகளுக்கு வடக்கு. ஒவ்வொரு பக்கமாகப் போய் அவரே பேசினார்.

உட்காரும் இடம் தீர்ந்தது, வாய் தீரவில்லை. அவையில் இருந்த பதாவுனி எழுதி வைத்திருக்கிறார்: ஓர் இரவு உலமாக்களின் கழுத்து நரம்பு புடைக்க ஒரே கூச்சல். அக்பருக்குக் கோபம். இனி அவையில் தாறுமாறாகப் பேசுபவன் யாரென்று சொல், வெளியே அனுப்புகிறேன் என்று பதாவுனியிடமே பொறுப்பைக் கொடுத்தார். அப்படிப் பார்த்தால் பெரும்பாலோர் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று பதாவுனி பக்கத்திலிருந்த ஆசப் கானிடம் மெதுவாகச் சொன்னார். என்ன சொன்னாய் என்று அரசர் கேட்டார். பதில் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கூச்சலைவிடக் கொடியது ஏச்சு. மக்தூம்-உல்-முல்க் என்ற பெரிய மார்க்க அறிஞர், அரசின் சமயத் துறைத் தலைவரான ஷேக் அப்துன் நபியைத் தாக்கி ஒரு சிறு நூலே எழுதினார். அநியாயமாக உயிர்களைப் பறித்தார் என்பது அதில் கடுமையான குற்றச்சாட்டு. பதில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. ஆனால் அதோடு, மூலநோய் உள்ளவர் பின்னால் நின்று தொழக்கூடாது என்றும் சேர்த்தார். எதிராளியின் உடம்பை இழுத்தபிறகு அந்த முதல் கேள்வியின் கனம் போய்விடுகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். பின்னாளில் இருவரையுமே அக்பர் மெக்காவுக்கு அனுப்பிவைத்தார்.

1578 வாக்கில் கதவு மற்றவர்களுக்கும் திறந்தது. இந்துக்களும் சமணரும் பார்சிகளும் வந்தனர். 1580இல் கோவாவிலிருந்து அக்குவாவிவா, மொன்செராத்தே முதலிய இயேசு சபைக் குருக்கள் வந்து சேர்ந்தனர். வேதத்தைக் கையில் ஏந்தித் தீயில் இறங்கிப் பார்ப்போமா என்றொரு யோசனையும் வந்தது. கடவுளைச் சோதிப்பது தகாது என்று குருக்கள் மறுத்துவிட்டார்கள்.

அந்த அவைக்கு ஒழுங்கு இல்லாமல் இல்லை. திசை இருந்தது, எச்சரிக்கை இருந்தது, நன்கு பேசியவருக்குப் பொன்னும் கிடைத்தது. எல்லாம் அரியணையிலிருந்து இறங்கிய ஒழுங்கு. எனவே எதிரே இருப்பவரை நோக்கி எவரும் பேசவில்லை. அரசரை நோக்கியே பேசினார்கள். எதிராளி சொன்னதைச் சரியாகக் காதில் வாங்க வேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இல்லை.

நம்மிடம் இதற்கு மிக முந்திய ஒரு விதி உண்டு. மணிமேகலையில், புகாரின் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன் சமயவாதிகளையும் அழைக்கிறான். பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள். பகைவரே எதிர்ப்பட்டாலும் சினமும் கலகமும் வேண்டாம், விலகிப் போங்கள் என்கிறான். வெளியேற்றக் காவலன் தேவையில்லை. விலகும் பொறுப்பு பேசுபவனுடையது. பிறகு வஞ்சியில் மணிமேகலை அளவைவாதி முதல், பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். பூதவாதியோடு மட்டும் வாதாடுகிறாள்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ நூலின் பரபக்கம் என்ற பகுதியில் 14 மாற்றுச் சமயங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றின் கொள்கையையும் முதலில் சொல்லி, பிறகே மறுக்கிறார். மறுப்பதற்காகச் சொல்வதுதான், நடுநிலை அல்ல. சரியாகச் சொன்னீர் என்று ஒப்புக்கொள்ள எதிராளியும் அங்கே இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டு மறுக்கும் அந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாகப்பட்டினத்தில் எங்கள் வாசகர் வட்டத்தில் சைவர், முஸ்லிம், கத்தோலிக்கர், கடவுள் இல்லை என்பவர் எல்லோரும் உண்டு. அங்கே எங்கள் விதியும் இதே வரிசைதான்: ஒருவர் கருத்தை மறுக்க விரும்புபவர் முதலில் அதைத் தம் வாயால் சொல்லவேண்டும். கருத்துக்கு உரியவர் ஆமாம் என்று சொன்ன பிறகே மறுப்பைத் தொடங்கலாம். பல நாள் அந்த ஆமாம் வருவதற்குள் தேநீர் வேளை வந்துவிடும். அடுத்த கூட்டத்துக்குப் பரபக்கத்தில் கடவுளை மறுக்கும் உலகாயதரைப் பற்றிய பகுதியை எடுத்திருக்கிறோம். நாத்திக நண்பர் அதை வாசித்து, தம் தரப்பு சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று சொல்வார். அதன்பிறகு மறுப்பு என்னுடையது.