ஒரு சோறு எவ்வளவு சொல்லும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் இல்லந்தோறும் வழங்கும் பழமொழி. அடுப்பங்கரையில் பிறந்த இச்சிறு வாக்கியத்தினுள் விஞ்ஞானத்தின் பெரியதொரு வினா அடங்கியிருக்கிறது. ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்தவர் பானை முழுவதையும் அறிந்துகொண்டதாகச் சொல்கிறார். அச்சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? விஞ்ஞான விதிகள் யாவும் சிலவற்றைக் கண்டு பலவற்றைப் பற்றிப் பேசுவனவே. ஆகவே, கண்ட சிலவற்றினுள் காணாத பலவற்றைக் குறித்து எவ்வளவு தகவல் இருக்கிறது என்று அளந்தறியும் வழி ஒன்று வேண்டும். அவ்வழி இருபதாம் நூற்றாண்டிலே கண்டறியப்பட்ட வரலாறு இலங்கையின் தேயிலை மலைகளையும் தொட்டுச் செல்கிறது என்பது பலர் அறியாத செய்தி.

ஒரு காலத்தில் சிங்கள மன்னரின் தலைநகராக விளங்கிய கம்பளை, மகாவலி கங்கையின் கரையில் அமைந்துள்ளது. கண்டியிலிருந்து வரும் புகையிரதம் கம்பளையைக் கடந்து, நாவலப்பிட்டி, அட்டன், தலவாக்கலை என மேலே மேலே ஏறுகிறது. இருபுறமும் தேயிலை. அம்மலைகளில் கொழுந்து கூடையிலே சேர்ந்து, தராசிலே நிறுக்கப்பட்டு, கணக்கிலே பதியப்படுகிறது. அங்கே ஒரு துண்டு நிலத்துக்குப் புதிய உரம் இட்டதாகவும், அடுத்த துண்டுக்கு இடாது விட்டதாகவும் கொள்வோம். உரமிட்ட துண்டிலே கொழுந்து சில இறாத்தல் கூடுதலாக வருகிறது. இது உரத்தின் பயனா? அன்றி, அத்துண்டு பள்ளத்தில் இருந்து மேட்டு மண்ணின் சாரத்தைப் பெற்றமையால் விளைந்ததா? நிழல் மரம் காரணமா, பறித்த கையின் திறமை காரணமா? மலைச் சரிவு ஒரே சீராக வெந்த பானை அன்று. அங்கே ஒரு சோறு பதம் சொல்லாது. அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்தால், பலருடைய ஒரு பருவத்து உழைப்பே வீணாகிவிடும்.

இந்த இடர்ப்பாட்டுக்கு வழி கண்டவர் ரொனால்ட் ஃபிஷர் என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919ஆம் ஆண்டு அவர் பணியேற்றபோது, பல்லாண்டு விளைச்சற் குறிப்புகள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றை ஆராய்ந்த ஃபிஷர் சில விதிகளை வகுத்தார். நிலத்தைப் பல சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒரே சோதனையைப் பல துண்டுகளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எந்தத் துண்டுக்கு உரம் என்பதை மனிதனின் விருப்பத்துக்கு விடாது, சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். பதம் பார்க்குமுன் பானையைக் கிளறிவிடும் இல்லத்தரசியின் செயலும் ஏறக்குறைய இதுவே.

ஃபிஷர் இத்துடன் நிற்கவில்லை. 1922ஆம் ஆண்டிலும் 1925ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகளில், தகவல் என்பதற்குக் கணித அளவு ஒன்றைக் கொடுத்தார். அதன் கருத்து எளிதானது. அறிய விரும்பும் மதிப்பு ஒன்று சிறிதளவு மாறினால், நமக்குக் கிடைக்கக்கூடிய எண்கள் பெரிதும் மாறுமா? மாறுமாயின் அவ்வெண்களில் தகவல் மிகுதி. எப்படியிருப்பினும் எண்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்குமாயின் தகவல் குறைவு. ஒன்றையொன்று சாராத அளவீடுகளின் தகவல்கள் ஒன்றோடொன்று கூடும்.

ஃபிஷருடன் இணைந்து 1927ஆம் ஆண்டில் வயற் சோதனை பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டவர் தோமஸ் ஈடன். அவர் பின்னர் இலங்கைக்கு வந்து, 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றினார். தேயிலை நிலச் சோதனைகளில் நேரும் வழுவின் அளவைப் பற்றி 1931ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரொதம்ஸ்ரெட்டில் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் வகுத்த முறை, இவ்வாறு மலைநாட்டுக் கொழுந்தின் நிறைக்கும் வந்து சேர்ந்தது.

ஆயின் ஒரு வினா எஞ்சி நின்றது. கையில் உள்ள எண்களை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கையாண்டாலும், விடையின் துல்லியத்துக்கு ஓர் எல்லை உண்டா? அளவீடுகள் மிகப் பலவாக இருக்கும்போது ஃபிஷரின் கோட்பாடு விடை கூறியது. சிலவே இருக்கும்போது?

இவ்வினாவுக்கு விடை தந்தவர் சி. ஆர். ராவ். அவர் 1920ஆம் ஆண்டில், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஹடகலி என்னும் ஊரில் பிறந்தவர். வேலை தேடிக் கல்கத்தாவுக்குச் சென்ற அவர், அங்கே பேராசிரியர் மகலனோபிஸ் 1931ஆம் ஆண்டில் நிறுவியிருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1941ஆம் ஆண்டு சேர்ந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ராவ் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அளவீடுகள் சிலவாயினும் அத்தகைய எல்லையை நிறுவ முடியுமா என்று ஒரு மாணவர் வினவினார். அவர் பின்னாளில் பொருளியலறிஞராகப் புகழ்பெற்ற வி. எம். தாண்டேக்கர். ராவ் அன்றிரவே சிந்தித்து, மறுநாள் விடையுடன் வகுப்புக்கு வந்தார் என்பர். அவ்விடை 1945ஆம் ஆண்டில் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. சுவீடன் நாட்டுக் கிராமரும் தனித்து இம்முடிவை அடைந்து 1946ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஆதலின் இது கிராமர்–ராவ் எல்லை என வழங்குகிறது.

இவ்வெல்லை கூறுவது இதுதான்: பக்கம் சாயாத எந்த மதிப்பீட்டு முறையிலும், விடையின் சிதறல், தகவலின் தலைகீழ் மதிப்பைவிடக் குறைய முடியாது. தகவல் நான்கு மடங்கானால் சிதறல் நான்கில் ஒன்றாகலாம், வழு பாதியாகலாம். அதற்கு மேல் இல்லை. ஒரு துண்டு நிலத்து அளவீட்டின் வழு 20 இறாத்தல் எனின், ஒத்த 4 துண்டுகளின் சராசரியில் அது 10 ஆகும். 16 துண்டுகளில் 5 ஆகும். வழுவை அரைவாசியாக்க உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். எண்களில் இல்லாத தகவலை எந்த மேதையாலும் அவற்றிலிருந்து வருவிக்க இயலாது.

உரத்தையும் கொழுந்தையும் அளக்கத் தோன்றிய இக்கருத்து பௌதிகத்தையும் எட்டியது. இலத்திரன் ஒன்றின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேர எல்லையின்றித் துல்லியமாக வரையறுக்க இயலாது என 1927ஆம் ஆண்டில் ஹைசன்பேர்க் கூறினார். அந்த நிச்சயமின்மை விதியை, குவாண்டம் கொள்கையின் அலை விபரத்தோடு ஃபிஷரின் தகவல் அளவைச் சேர்த்தால் கிராமர்–ராவ் எல்லையின் வழியாகவே பெறலாம் என்று 1959ஆம் ஆண்டில் ஸ்ராம் என்னும் ஒல்லாந்தர் காட்டினார். இதனிடையே, செய்தித் தொடர்பை ஆராய்ந்த குளோட் ஷனன் 1948ஆம் ஆண்டில் தகவலுக்கு வேறோர் அளவை வகுத்தார். அதனைக் கொண்டு, வெப்பவியலின் முக்கிய முடிவுகளை, தெரிந்ததற்கு மேல் எதையும் கற்பனை செய்யாத நேர்மையான ஊகமாக விளக்கலாம் என 1957ஆம் ஆண்டில் ஜேன்ஸ் எடுத்துரைத்தார்.

இவற்றைக் கண்டு, இயற்கை விதிகள் யாவும் தகவலின் விதிகளே என முழங்கியோரும் உளர். பௌதிக விதிகளை ஃபிஷரின் தகவலிலிருந்தே வருவிக்கலாம் என 1998ஆம் ஆண்டில் ஃபிரீடன் ஒரு நூல் எழுதினார். பௌதிக அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. அவர்தம் மறுப்பில் நியாயம் உண்டு. கிராமர்–ராவ் எல்லை மட்டும் தனித்து நின்று இலத்திரனைப் பற்றி எதுவும் கூறாது. இலத்திரன் அலைபோல் ஒழுகும் என்னும் உண்மையை இயற்கையிடமிருந்தே கற்க வேண்டியிருந்தது. உலைநீர் கொதிப்பது ஒரு விதியால். சோறு பதம் சொல்வது மற்றொரு விதியால். இரண்டும் ஒரு பானையிலே கூடுகின்றன என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடா.

ஆயினும், ஒரு விதியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் ஒரு விதியாகவே எழுதலாம் என்று கண்டமை மனித அறிவின் வரலாற்றில் சிறிய நிகழ்ச்சியன்று. 102 ஆண்டுகள் வாழ்ந்து 2023ஆம் ஆண்டில் மறைந்த ராவ், அதே ஆண்டில் புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றார். அப்பரிசுக்கு அடிப்படையாகக் குறிக்கப்பட்டது, அவர் இருபத்தைந்து வயதளவில் எழுதிய அந்த 1945ஆம் ஆண்டுக் கட்டுரையே.

கம்பளையில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில், ஊசலின் அலைவு நேரத்தைப் பலமுறை அளந்து, சராசரியின் பக்கத்தில் வழுவையும் எழுதும் மாணவன், அதனைத் தன் குறையின் ஒப்புதலாகக் கருத வேண்டியதில்லை. அவன் பெற்ற தகவல் எவ்வளவு என்பதை அவ்வெண்ணே கூறுகிறது. அதனை எழுதாத வரையில் அவனுடைய விடை பாதி விடையே.