தோலின் நிறமும் ஏலத்தின் விலையும்

நம் நாட்டுச் சந்தைகளில் மாடு பிடிப்போர், துண்டின் மறைவில் விரல் தொட்டு விலை பேசுமுன் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழி பார்ப்பர், மயிலையோ, செவலையோ, காரியோ என நிறமும் பார்ப்பர். எனினும் காங்கேயக் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, சில திங்கள் சென்றபின் மயிலையாய் மாறக் கண்ட உழவர், நிறம் ஒன்றையே நம்பி மடியை அவிழ்ப்பது அரிது. அமெரிக்க நாட்டிலோ தோலின் நிறமே ஏல விலையை ஏற்றவும் இறக்கவும் வல்லதாயிற்று. அவ்வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்காட்லாந்தில் ஹியூ வாட்சன் என்பார் கொம்பற்ற கரிய மாடுகளைத் தேர்ந்து பெருக்கினார். அவ்வழி வந்ததே ஆங்கஸ் இனம். 1873இல் ஜார்ஜ் கிராண்ட் என்பார் நான்கு ஆங்கஸ் காளைகளை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திற்குக் கொணர்ந்தார். ஷார்ட்ஹார்ன் மாடுகளின் செந்நிறத்திலும் வெண்ணிறத்திலும் பழகிய கண்களுக்கு, கொம்பில்லாக் கருங்காளைகள் விந்தைப் பிறவிகளாய்த் தோன்றின. ஆயின் அவற்றின் கன்றுகள் கடுங்குளிரைத் தாங்கி, எடை குறையாது நின்றன. இகழ்ந்தோரும் விரும்பலாயினர். 1883இல் சிகாகோவில் ஆங்கஸ் வளர்ப்போர் சங்கமும் தோன்றிற்று.

கரிய பெற்றோர்க்கும் சிற்சில வேளை செந்நிறக் கன்று பிறப்பதுண்டு. குருதி ஒன்றே, குணமும் ஒன்றே. ஆயினும் 1917இல் செந்நிற மாடுகளுக்கு அச்சங்கத்தின் பதிவேடு மூடப்பட்டது. ஒதுக்கப்பட்ட செவலைகளைப் போற்றுவோர் 1954இல் தமக்கெனத் தனிச்சங்கம் கண்டனர்.

1978இல் ஆங்கஸ் இறைச்சிக்கெனத் தனி முத்திரை ஏற்பட்டது. அதற்குரிய முதல் தகுதி, தோலில் 51 விழுக்காடேனும் கருமை இருத்தல். இறைச்சியின் தரம் பின்னரே சோதிக்கப்படும். முத்திரை பெற்ற இறைச்சிக்கு மிகுவிலை கிடைக்கவே, உயிர்மாட்டின் ஏலத்திலும் கறுப்புக்கு மதிப்பு உயர்ந்தது. ஏலக் களத்தில் கன்று நிற்பது சில நொடிகளே; தசையினுள் ஓடும் கொழுப்பைக் காண்பார் யார்? கண்ணுக்குத் தெரிவது தோல் ஒன்றே.

இதனையறிந்த ஏனைய இனத்தாரும் தம் மாடுகளைக் கறுப்பாக்க முற்பட்டனர். செந்நிறச் சிமெண்டாலும் லிமோசினும் ஆங்கஸ் கலப்பால் கருமை பெற்றன. ஆகவே, இனத்தைக் காட்டவந்த நிறம் இன்று இனத்தைத் திண்ணமாய்க் காட்டுவதில்லை. வெளுத்ததெல்லாம் பால் என எண்ணுவோரை நகைப்பது நம் வழக்கு. கறுத்ததெல்லாம் ஆங்கஸ் என எண்ணுவோர் கதையும் அதுவே.

ரெயில்வேச் சரக்கு அலுவலில் நாள்தோறும் மேற்சீட்டைப் பார்த்தே மூட்டைகளை அனுப்புகின்றோம். பிரித்துப் பார்க்க நேரமில்லாவிடத்துச் சீட்டே துணை, அதில் பிழையில்லை. ஆனால் பிரித்துப் பார்க்க நேரமும் வாய்ப்பும் உள்ளவிடத்தும் சீட்டையே நம்பலாமா? மக்களை மாட்டோடு ஒப்பிடுவது எம் கருத்தன்று. ஆயினும் நம் காலனியில் பெண் பார்க்கப் புறப்படுவோர் முதலில் வினவுவது யாது? “பெண் நிறமா?” என்பதன்றோ! கல்வியும் குணமும் அதற்குப் பின்னரே.

கான்சாஸ் ஏலக்காரரைக் குறை கூறுமுன், நம் இல்லத்து ஏலத்தையும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.