தெளிந்த நீரும் தூய நீரும்

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்துப் பருகியவர்கள் நம் முன்னோர். தெளிவே தூய்மை என்னும் எண்ணம் நமக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் நீரின் வரலாற்றில் மிகத் தெளிந்த ஓடைகளே செத்துப்போன ஓடைகளாகவும் இருந்ததுண்டு.

அரும்பாவூரிலிருந்து மேற்கே பார்த்தால் பச்சைமலை. மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் வயல்களுக்கும் கிணறுகளுக்கும் அம்மலையே ஆதாரம். மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மணலாகும் ஓடைகள் அங்கிருந்து இறங்குகின்றன. கல்லாறு வெள்ளாற்று வடிநிலத்தைச் சேர்ந்தது. விசுவக்குடியருகே அதன் குறுக்கே அணை கட்டப்பட்டிருக்கிறது. அதே மலையில் பிறக்கும் மருதையாறோ அரியலூர்ப் பக்கம் சென்று கொள்ளிடத்தில் கலக்கிறது.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். 1852இல் மான்செஸ்டர் வட்டாரத்து மழைநீரை ஆராய்ந்த இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், ஆலைப்புகைக்கும் மழையின் அமிலத்துக்கும் உள்ள உறவைக் கண்டுசொன்னார். 1872இல் வெளிவந்த அவரது நூலில் 'அமில மழை' என்னும் தொடர் இடம்பெற்றது. பிறகு உலகம் அதை ஏறக்குறைய மறந்தே போயிற்று. அமிலத்தை அளக்கும் பிஎச் அளவுகோலை டென்மார்க்கின் சோரன்சன் 1909இல் வகுத்தார். அதில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டதென்று பொருள். மாசற்ற மழையேகூடக் காற்றிலுள்ள கரியமில வாயுவால் 5.6 அளவில்தான் இருக்கும். 1967இல் சுவாந்தே ஓடேன் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர், பிற நாடுகளின் புகை தம் நாட்டு ஏரிகளைக் கெடுப்பதாக எழுதியபோதுதான் உலகம் விழித்தது. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்தெடுக்கிறது. அது மீன்களின் செவுள்களைத் தாக்குகிறது. பாசியும் நுண்ணுயிரும் குறைந்துபோன அந்த ஏரிகளின் நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. கரையில் நின்றவர்கள் அந்த அழகைக் கண்டு மயங்கியிருப்பார்கள்.

பச்சைமலையின் சார்னோகைட்டும் நைஸும் ஸ்வீடன் பாறைகளைப் போலவே கடினமானவை. அப்படியிருக்க, இங்குள்ள ஓடைகள் ஏன் அவ்வாறு அமிலமாகவில்லை? அங்கே பனியாறுகள் பழைய மண்ணைச் சுரண்டியெடுத்து, மெல்லிய மண்போர்வையையே விட்டுச்சென்றன. இங்கே வெப்பத்தில் பன்னெடுங்காலம் சிதைந்த மண்; அதன் கீழே பல இடங்களில் சுக்கான்கல். காற்றில் பறக்கும் புழுதியின் சுண்ணச்சத்தே மழையின் அமிலத்தில் ஒரு பங்கை வழியிலேயே முறித்துவிடுகிறது. ஆகவே இப்பக்கத்துக் கிணற்று நீரின் குறை வேறு: உப்பும் கடினமும். சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை என்று பெண்கள் சொல்வதே அதற்கான பரிசோதனை.

கிழக்கே சென்றால் இந்தக் காப்பு இன்னும் பெரிது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், கிரீத்தேசியக் காலக் கடல் விட்டுச்சென்ற படிவு. ஸ்வீடன் 1977 முதல் தன் ஏரிகளில் அரைத்த சுண்ணாம்புக்கல்லைக் கொட்டி அமிலத்தை முறித்து வருகிறது. அங்கே நீருக்கு மருந்தாகும் கல், இங்கே சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படுகிறது.

இந்தியாவுக்கு இந்த நோய் வராது என்று எண்ணிவிடக் கூடாது. மேகாலயத்தின் ஜெயந்தியா மலையில் கந்தகம் மிகுந்த நிலக்கரியை எலிவளைச் சுரங்கங்களில் தோண்டினார்கள். கரியிலுள்ள இரும்புக் கந்தகம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாயிற்று. ஓடைகள் செம்மஞ்சளாயின. லூகா ஆறு குளிர்காலங்களில் ஆழ்ந்த நீலநிறம் கொண்டது, மீன்கள் மடிந்தன. அந்த மாற்றத்தின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுரங்க அமிலநீர் சுட்டப்பட்டது. 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அத்தகைய சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. ஆனால் கைவிடப்பட்ட சுரங்கம் தடைக்குப் பின்னும் அமிலத்தைக் கசியவிடும். கல்லுக்குத் தீர்ப்பு தெரியாது.

பச்சைமலை ஓடைகளை இதுவரை காத்தது நம் அறிவன்று. மண்ணும் கல்லும் புழுதியும். கல்லாற்றில் இறங்கிக் கையில் நீரை அள்ளும்போது அதன் தெளிவை மட்டும் பார்க்காமல், அதில் ஒரு சிறு மீன் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தேற்றாங்கொட்டையால் சொல்ல முடியாததை அந்த மீன் சொல்லும்.