மணிமேகலை என்னும் பெயர்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டுவோர்க்கு ஒரு செய்தி புலப்படும். பழைய பதிவேடுகளில் நம் பெண்மக்களின் பெயர்கள் குப்பம்மாள், பிச்சையம்மாள், கருப்பாயி என்றே பெரிதும் வரும். முன்பிறந்த பிள்ளைகள் தங்காமையால் இட்ட பெயர்கள் சில. நல்ல பெயரிட்டால் நிலக்கிழார் சினப்பாரே என்று அஞ்சி இட்டவையும் உண்டு. பிற்காலப் பதிவேடுகளிலோ மணிமேகலை என்னும் பெயர் காணப்பெறுகிறது. அப்பெயரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மேகலை என்பது மகளிர் இடையில் அணியும் அணி. மணிகள் பதித்தது மணிமேகலை. ஆயினும் அணியைக் கருதி மட்டும் இப்பெயர் எழுந்ததன்று. மணிமேகலா என்பது கடலில் தவிக்கும் நல்லோரைக் காக்கும் தெய்வத்தின் பெயர். பாலி மொழியிலுள்ள மகாசனக சாதகத்தில், கலமுடைந்து ஏழு நாள் நீந்திய இளவரசனைக் காத்தது அத்தெய்வமே. கோவலனின் முன்னோன் ஒருவனையும் அவ்வாறே காத்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். அந்நன்றி மறவாத கோவலன், மாதவி பெற்ற மகளுக்கு அப்பெயரை இட்டான்.

கணிகையர் குலத்தவள் என்று உலகம் இகழ்ந்த அம்மகளையே சாத்தனார் தம் காப்பியத்தின் தலைவியாக்கினார். அவள் அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். அப்பாத்திரத்தை அவளுக்கு முன் ஏந்தியவன் ஆபுத்திரன். அவன் பிறப்பை அந்தணர் பழித்தபோது, விலங்குகளின் வயிற்றிற் பிறந்ததாகக் கூறப்படும் முனிவர்களை வரிசையாக எடுத்துக்காட்டி வினவினான். அவ்வினாவிற்கு விடையில்லை, அவனை ஊரைவிட்டு ஓட்டியதே விடையாயிற்று! நம் மக்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவே என்போம்.

இந்நூலை உ. வே. சாமிநாதையர் உரையுடன் அச்சிட்டது 1898ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் அயோத்திதாச பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவி வந்து, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். நம் முன்னோர் பூர்வ பௌத்தர் என்பது அவர் கொள்கை. 1907இல் தொடங்கிய தம் இதழில் அதனை விரித்தெழுதிய அவர்க்கு, மணிமேகலை பழங்கதையாக மட்டும் தோன்றவில்லை; தம் மக்களின் சரித்திரச் சான்றாகவே தோன்றிற்று.

இப்பெயர் வீடுகளில் பெருக வழங்கியது, தனித்தமிழ் உணர்ச்சியும் திராவிட இயக்கமும் பரவிய பின்னரேயாம். இட்டவர் எல்லாரும் காப்பியம் கற்றவர் அல்லர். மேடைப்பேச்சிற் கேட்டு இட்டோரும் உளர். எழுத்தர் சிலர் இதனை 'மணி' எனக் குறைத்தெழுதிய பதிவுகளை நாம் கண்டிருக்கிறோம். பெற்றோரிடம் விண்ணப்பம் பெற்று, முழுப்பெயரையும் எழுதுவித்த பின்னரே சான்றிதழ் வழங்கினோம்.