நழுவும் உயிரொலிகள்

கண்ணாடி முன் நின்று ‘ஆ’ என்று நீட்டி ஒலித்துப் பாருங்கள். மூச்சு நிற்கும் வரை வாயின் நிலை மாறுவதில்லை. இப்போது ‘ஐ’ என்று ஒலியுங்கள். வாய் அகலத் திறந்து தொடங்கி, ஒலி முடியுமுன் தாடை மேலெழுந்துவிடுகிறது. உள்ளே நாக்கும் ‘அ’ இருக்கும் தாழ்ந்த இடத்திலிருந்து ‘இ’ இருக்கும் உயர்ந்த இடத்திற்கு நழுவுகிறது. ‘ஔ’ என்னும்போது ‘அ’வில் தொடங்கிய ஒலி, இதழ் குவிந்து ‘உ’வில் முடிகிறது. இவ்வாறு ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும் உயிரொலியைக் கூட்டுயிர் எனலாம்.

நம் இலக்கணிகள் இதை நன்கு அறிந்திருந்தனர். அகரமும் இகரமும் சேர்ந்து ஐகாரம் போன்று ஒலிக்கும் என்றும், அகரமும் உகரமும் சேர்ந்து ஔகாரம் போன்று ஒலிக்கும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. அளபெடையில் ஐகாரத்தை அடுத்து இகரத்தையும், ஔகாரத்தை அடுத்து உகரத்தையும் எழுதுவதும் இதனால்தான். ஒலி எங்கே போய் முடிகிறது என்பதை அவர்கள் செவியாலேயே கண்டுகொண்டனர்.

ஒரு கடற்கரையில் நான்கு மொழிகள்

இத்தகைய ஒலிகள் காலப்போக்கில் என்னவாகின்றன? இதை அறிய உலகெங்கும் அலைய வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கடற்கரைக்கு வாருங்கள். புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் கூனிமேடு உள்ளது. 1682-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தனர். ஊரின் பெயரை அவர்கள் ‘கானிமியர்’ என்பது போன்ற வடிவில் எழுதினர். தெற்கே புதுச்சேரியில் 1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள் காலூன்றியிருந்தனர். இக்கரையோரப் பள்ளிவாசல்களில் அரபு மொழி ஓதப்பட்டு வருகிறது. மக்கள் பேசுவதோ தமிழ். இந்த நான்கு மொழிகளின் கூட்டுயிர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் அரபு. அம்மொழியில் வீட்டுக்குப் ‘பைத்’ என்றும், நாளுக்கு ‘யவ்ம்’ என்றும் பெயர். திருக்குர்ஆனை ஓதுவோர் இக்கூட்டுயிர்களைப் பிறழாமல் ஒலிப்பர். ஆனால் எகிப்தியர் தம் அன்றாடப் பேச்சில் ‘பேத்’, ‘யோம்’ என்றே கூறுகின்றனர். ‘ஐ’ ஏகாரமாயிற்று, ‘அவ்’ ஓகாரமாயிற்று.

அடுத்து பிரெஞ்சு. தண்ணீரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் மூன்று உயிரெழுத்துகளால் எழுதப்படுகிறது. ஆனால் ஒலிப்பதோ ‘ஓ’ என்னும் ஒரே உயிர்! பழைய பிரெஞ்சில் அம்மூன்று எழுத்துகளும் வீணாக எழுதப்படவில்லை. அவற்றின் ஒலிகள் வாயில் கேட்டன. பின்னர் ஒலி சுருங்கிற்று, எழுத்து சுருங்கவில்லை.

நடுவழியில் நின்ற நாக்கு

இரு மொழிகளிலும் ஒரே விளைவு ஏற்பட்டது தற்செயலா? இல்லை. ‘அ’ தாழ்ந்த ஒலி. ‘இ’ உயர்ந்த ஒலி. இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘எ’. அதுபோலவே ‘அ’வுக்கும் ‘உ’வுக்கும் நடுவில் இருப்பது ‘ஒ’. விரைந்து பேசும்போது நாக்கு முழுத் தொலைவும் செல்வதில்லை. தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று நெருங்கி, இடையிலுள்ள ஒலி நிலைத்துவிடுகிறது. மகா + இந்திரன் மகேந்திரன் ஆவதும், சூரிய + உதயம் சூரியோதயம் ஆவதும் வடமொழியில் மிகப் பழங்காலத்தில் நடந்த இத்தகைய மாற்றத்தின் சுவடுகளே.

எதிர்த்திசையிலும் மாற்றம் நிகழ்வதுண்டு. காலத்தைக் குறிக்கும் ‘டைம்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் ஒரு காலத்தில் ‘ஈ’ ஒலித்தது. வீட்டைக் குறிக்கும் ‘ஹவுஸ்’ என்பதில் ‘ஊ’ ஒலித்தது. ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் இடம் பெயர்ந்தன. அப்போது ‘ஈ’யும் ‘ஊ’வும் பிளவுபட்டுக் கூட்டுயிர்களாயின. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் ‘பெரும் உயிரொலிப் பெயர்ச்சி’ என்னும் பொருளில் பெயரிட்டார். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியபோது இப்பெயர்ச்சி முடிவடையவில்லை. அச்சில் எழுத்துகள் உறைந்து வர, ஒலிகள் நடந்துகொண்டே இருந்தன. ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்று நம் மாணவர்களை வாட்டுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

நம் வாயில் ஐகாரம்

இனி, தமிழுக்கு வருவோம். கை, பை, மை என்னும் சொற்களில் ஐகாரம் இன்றும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அலை, வலை, கரை, தலை என்பவற்றைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? பலர் ‘அலெ’, ‘வலெ’, ‘கரெ’, ‘தலெ’ என்று எகரம் போலவே முடிக்கின்றனர். அரபிலும் பிரெஞ்சிலும் நாக்கு நின்ற அதே நடுவழிதான்! நம் உறவு மொழிகளைப் பாருங்கள். தமிழின் ‘தலை’ கன்னடத்தில் ‘தலெ’; மலையாளத்திலும் தெலுங்கிலும் ‘தல’. ஒரே பழைய இறுதியொலி ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு வகையில் தேய்ந்திருக்கிறது.

இத்தேய்வையும் நம் இலக்கணம் அளந்து வைத்துள்ளது. அதுவே ஐகாரக் குறுக்கம். தனித்து நிற்கையில் ஐகாரத்துக்கு இரண்டு மாத்திரை. சொல்லின் முதலில் ஒன்றரை. இடையிலும் இறுதியிலும் ஒன்று எனப் படிக்கிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் விதி என்று இதை நினைத்துவிடாதீர்கள். நெடிலாக எண்ணப்படும் ஓர் எழுத்து, சொல்லின் இறுதியில் குறிலின் அளவே ஒலிப்பதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிய ஆய்வுக் குறிப்பு அது.

அப்படியானால் ஒலிக்கேற்ப எழுத்தை மாற்றிவிடலாமா? இவ்வினா நம் நாட்டில் எழாமல் இல்லை. ஐ, ஔ ஆகியவற்றுக்கு மாற்றாக அய், அவ் என எழுதலாம் என்னும் கருத்தைப் பெரியார் முன்வைத்தார். ‘ஐயா’, ‘அய்யா’ என இருவகையாகவும் எழுதப்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவங்கள் மாறின. ஆயினும் ஐ, ஔ என்னும் எழுத்துகள் நீடித்தன.

‘ஐயா’வுக்கு ‘அய்யா’ பொருந்தலாம். ஆனால் ‘அலை’யை ‘அலய்’ என எழுதினால் அது பேச்சோடு ஒட்டாது. ‘அலெ’ என எழுதலாமென்றால், ‘அல’ என்று முடிக்கும் ஊராருக்கு அது பொருந்தாது. ஊருக்கு ஊர் வேறுபடும் பேச்சுகளுக்கெல்லாம் பொதுவாக நிற்பது ‘அலை’ என்னும் எழுத்து வடிவம்தான். அதனால் எழுதும்போது ஐகாரத்தை விடாமல் எழுத வேண்டும். வீட்டில் ‘தலெ வலிக்குது’ என்று சொல்லும் சிறுவனை மட்டும் கொச்சை பேசுகிறான் என்று இகழ வேண்டாம். பேச்சில் ஐகாரம் குறுகும் என்று நம் இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கிறது அல்லவா?