வீட்டுக் கணினிக்குப் பெயர் வைத்த வரலாறு



போன மாதம் உங்களில் பலர் போன் செய்தீர்கள். "சார், நம்ம பள்ளி ஆண்டு மலர் இருந்த பக்கத்தைத் திறந்தா ஏதோ இங்கிலீஷ் விளம்பரம் வருது" என்றீர்கள். என் தங்கை மகள், "மாமா, யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று பயந்தே போனாள். யாரும் எதுவும் செய்யவில்லை. தவறு என்னுடையது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பத்தைந்து வருடம் வரலாறு நடத்தியவனிடம் கேள்வி கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். முதுநகரில் எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, நான் சேர்த்து வைத்திருந்த வகுப்புப் போட்டோக்களும் ஆண்டு மலர்களும் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தன. பாதிக்கு மேல் ஒட்டிப்போய்விட்டன. மிஞ்சியதை ஸ்கேன் செய்து ஒரு இலவசத் தளத்தில் ஏற்றினேன். சில வருடத்தில் அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். சிதம்பரத்துக்குக் குடிவந்த பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த நம் பழைய மாணவன் ஒருவன், "சார், ஊரான் வீட்டுப் பரணில் எதற்கு? நம் வீட்டிலேயே வைப்போம்" என்று சொல்லி, சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கணினியை ரவுட்டருக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டுப் போனான். அதுதான் நம் சர்வர். இப்போதும் பூஜை அலமாரிக்கு மேல் தட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

பெட்டி வீட்டில் இருந்தால் போதாது. மஸ்கட்டில் இருக்கும் உங்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் உண்டு. நம் ஊரில் கதவிலக்கம் பழைய எண் 14, புதிய எண் 27 என்று மாறுவது பத்து இருபது வருடத்துக்கு ஒருமுறை. வீட்டு இணைய இணைப்பின் எண்ணோ கரண்ட் போய் வந்தால் மாறிவிடும். ஆகவே எண் மாறினாலும் மாறாத ஒரு பெயரும், இந்தப் பெயருக்கு இன்றைய எண் இது என்று சொல்லும் ஒரு பதிவேடும் வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வைத்திருந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த வரலாறு.

1970களில் அது ஒரே ஒரு பட்டியல். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் அலுவலகம் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள். மற்றவர்கள் பட்டியலை நகலெடுத்துக்கொள்வார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டாவில் பெயர் சேர்ப்பது போலத்தான். கணினிகள் பெருகப் பெருக ஒரு அலுவலகத்தால் தாங்க முடியவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறையில் பட்டியல் பல அடுக்காகப் பிரிந்தது. உச்சியில் இருப்பவருக்கு எல்லா வீடும் தெரிய வேண்டியதில்லை. இந்தியாவின் பதிவேடு யாரிடம் என்று தெரிந்தால் போதும். இந்தியப் பதிவேட்டுக்கு நம் பெயரின் பதிவேடு எங்கே என்று தெரிந்தால் போதும். தலைமைச் செயலகம், மாவட்டம், தாலுகா, கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றும் நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால் தேடல் இப்படித்தான் மேலிருந்து கீழே வருகிறது.

இந்தியாவுக்கான டாட் இன் 1989இல் வந்தது. அப்போது இணையம் எர்நெட் வழியாகச் சில ஐஐடிகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் மட்டும். நம் மாநிலத்தில் சென்னை ஐஐடி. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15. அதன் பிறகும் பத்து வருடம் டாட் இன் பெயர் வாங்குவது எளிதாக இல்லை. 2005இல் விதிகளைத் தளர்த்திய பிறகுதான் என்னைப் போன்ற ஆளும் பணம் கட்டி ஒரு பெயர் வாங்க முடிந்தது.

ஆனால் எந்த எழுத்தில்? அந்தப் பதிவேடு ஒப்புக்கொண்டவை 26 ஆங்கில எழுத்து, 10 எண், ஒரு சிறு கோடு. மொத்தம் 37 குறிகள். 247 எழுத்துள்ள மொழியை அதற்குள் எப்படி அடைப்பது? ழகரத்துக்கு ஒருவர் ஒன்று எழுதுவார், இன்னொருவர் வேறு எழுதுவார். நம் ஊரையே பாருங்கள். ஆறுகள் கூடுமிடம் என்பதால் கூடலூர் என்று இருந்தது ஆங்கிலேயர் வாயில் ஒரு மாதிரி ஆகி, எழுத்தில் இரண்டு 'டி' போட்டு நின்றுவிட்டது. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று ஊரெல்லாம் சண்டை. சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

(பதிவேட்டில் எழுதுகிறவன் கையில்தான் எல்லை என்பதற்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி உண்டு. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அந்தக் குண்டுதான் இருக்கிறது என்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து "டமால்" என்று கத்தியவன் இப்போது பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் இருக்கிறான்.)

தமிழ் எழுத்தை அந்தப் பதிவேட்டுக்குள் கொண்டுபோகும் வேலை சென்னையில் தொடங்கவில்லை, சிங்கப்பூரில் தொடங்கியது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு, பெருமையும் உண்டு. பெருமை ஏனென்றால் முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஆசிரியர். நா. கோவிந்தசாமி அங்கே தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவர், எழுத்தாளர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழ்ப் பகுதி அவருடைய உழைப்பால் வந்தது. அப்போது நாம் இங்கே ஃபிளாப்பி டிஸ்க்கையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோடு வேலை செய்த டான் டின் வீ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1998இல் இவருடைய குழுதான், ஆங்கிலம் அல்லாத எழுத்திலும் இணையப் பெயர் இயங்கும் என்று செய்து காட்டியது. கோவிந்தசாமி 1999இல் காலமாகிவிட்டார்.

பெரிய தடை வேறு இடத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனிச் சாதி. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கோழி கிண்டியது போல வரும். வினாத்தாள் அச்சடிக்கப் போய் நான் பட்ட பாடு உங்களில் சிலருக்குத் தெரியும். 'கடலூர்' என்பது ஆளுக்கொரு குறியீடாக இருந்தால் பதிவேட்டில் எதை எழுதுவது? 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தாப், தாம் என்று தரம் வகுத்தார்கள். கடைசியில் உலகம் ஒப்புக்கொண்டது யூனிகோடைத்தான். 2003இல் ஆடம் காஸ்டெல்லோ எழுதிய பியூனிகோடு முறை வந்தது. எளிமையாகச் சொன்னால், நாம் தமிழில் தட்டுகிற பெயரை நம் கணினியே பழைய 37 குறிகளாக மாற்றி அனுப்பிவிடும். முன்னால் எக்ஸ், என், இரண்டு கோடு என்று ஒரு அடையாளம் இருக்கும். பதிவேடு பழையதுதான், அதற்குத் தமிழ் தெரியாது, நமக்குத் தெரியாமல் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது.

பிறகு 2010இல் டாட் இலங்கை தமிழிலேயே வந்தது. 2011இல் டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா. இதே 2011 ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை இணைய எண்களின் சாதாரண வினியோகம் நின்றுபோனது. உலகத்துக்கு மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். அதனால்தான் பல வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் அடைக்கிறார்கள், திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாற்பது பேருக்கு ஒரே தபால் பெட்டி மாதிரி. உள்ளிருந்து கடிதம் போடலாம், வெளியிலிருந்து யாரும் நேராக உங்கள் அறைக் கதவைத் தட்ட முடியாது. சர்வர் வைக்க அது உதவாது. நாங்கள் கேட்டுக்கொண்ட பிறகு தனி எண் கொடுத்தார்கள், அதுவும் மாறும் எண். நம் பையன் எழுதிய சின்ன நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்து, மாறியிருந்தால் பதிவேட்டுக்குச் சொல்லிவிடும்.

தமிழில் பெயர் வைக்க உட்கார்ந்தபோது எனக்கு ஒரு புதுப் பாடம். 'கடலூர்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு: க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. 'சிதம்பரம்' நமக்கு ஆறு, அதற்கு ஒன்பது. இன்னொன்றும் உண்டு. நம் பழைய எண்கள் ௧, ௨, ௭, ௮ பார்வைக்கு க, உ, எ, அ போலவே இருக்கும். கணினிக்கு அவை முற்றிலும் வேறு. 'ஔ' ஒரே எழுத்தாக அடித்தால் ஒன்று, 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து அடித்தால் வேறு. கள்ளப் பெயர் வைப்பவனுக்கு இது வசதி. ஆகவே குழப்பம் வராத சொல்லாகத் தேடி ஒன்று எடுத்தோம்.

டாட் இந்தியாவில் நம் பெயரைத் தமிழில் தட்டித் திறந்தபோது முதல் வருட ஆண்டு மலரின் அட்டை வந்தது. என் மனைவி, "இதுக்கா மூணு நாள்?" என்றாள். ஆனால் எல்லா இடத்திலும் அது செல்லுபடியாகவில்லை. சில படிவங்கள் தமிழ் முகவரியைத் தவறு என்கின்றன. சில இடங்களில் எக்ஸ் என் என்று அலங்கோலமாகத் தெரிகிறது. துபாயில் இருக்கும் பேரன் பேத்திகளின் போனில் தமிழ் விசைப்பலகையே இல்லை. ஆகவே டாட் இன்னில் ஆங்கில எழுத்திலும் ஒன்று வைத்தேன். இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான் வரும்.

இப்போது என் தவறு. பெயரை நாம் வாங்குவதில்லை, வருடக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். ஆங்கிலப் பெயரின் கெடு முடிவதாக வந்த கடிதங்கள் எல்லாம் நான் திறப்பதே இல்லாத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. கண் அறுவை சிகிச்சைக்குப் போய் வந்த நேரம் வேறு. கெடு முடிந்து, கூடுதல் அவகாசமும் முடிந்து, யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டார். நீங்கள் பார்த்த விளம்பரம் அவருடையது. போட்டோக்கள் ஒன்றும் போகவில்லை, பெட்டி அலமாரி மேல்தான் இருக்கிறது. தமிழ்ப் பெயர் வேறு தேதியில் எடுத்ததால் தப்பித்தது, இன்றும் திறக்கிறது.

புது ஆங்கிலப் பெயரை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிட்டேன். எனக்கு இப்போது 74. அடுத்த கெடுவுக்கு என்னை நம்ப வேண்டாம். 1988 செட்டில் ஒருவர், 2003 செட்டில் ஒருவர் என இரண்டு பேர் பொறுப்பேற்றுக்கொண்டால், மின்னஞ்சலையும் போன் எண்ணையும் அவர்கள் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டை எழுதி உறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், கையில் வாங்கிக்கொண்டு போகலாம். பழைய கதவிலக்கம்தான், மாறவில்லை.