சினைப்பை நீர்க்கட்டியும் கருப்பைப் புற்றுநோயும்

பிசிஓஎஸ் எனவும் பேச்சில் வெறுமனே நீர்க்கட்டி எனவும் வழங்கும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறுகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இவ்வயதினருள் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு. அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இது இருப்பதையே அறியாதவர்கள். சிகாகோ மருத்துவர்கள் ஸ்டீனும் லெவெந்தாலும் 1935இல் ஏழு பெண்களைக் கொண்டு இதை விவரித்தனர். ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் பல நீர்ப்பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் நோய் உண்டு என்பது 2003ஆம் ஆண்டின் ராட்டர்டாம் வரையறை. வேறு காரணங்கள் இல்லை என்பதையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்ததும் குடும்பத்தில் எழும் முதல் அச்சம், இந்த நீர்க்கட்டி புற்றாக மாறிவிடுமோ என்பது. மாறாது. அவை முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப்பைகள். கவலைப்பட வேண்டிய இடம் கருப்பையின் உட்படலம்.

ஒவ்வொரு மாதமும் ஈஸ்ட்ரோஜன் இந்த உட்படலத்தைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. அதன் அளவு இறங்கும்போது படலம் உதிர்கிறது. பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் பல மாதங்கள் முட்டை வெளியாவதில்லை. புரோஜெஸ்ட்ரோன் சுரக்காததால் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே தொடர்ந்து செயல்பட, படலம் தடித்துக்கொண்டே போகிறது. உடற்கொழுப்பு ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் எடை கூடக் கூட நிலை மோசமாகிறது. உடலில் இன்சுலின் மிகுந்திருப்பதும் செல்களின் பெருக்கத்தைத் தூண்டுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் மிகைவளர்ச்சியும், சிலரிடம் அதிலிருந்து புற்றும் தோன்றக்கூடும்.

2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்றது. 54 வயதுக்கு உட்பட்டோரிடம் அது 4 மடங்கு. 12,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த 2015ஆம் ஆண்டின் டென்மார்க் ஆய்விலும் கிட்டத்தட்ட 4 மடங்கே வந்தது. மடங்கு என்றதும் மிரள வேண்டாம். இந்தியாவில் இப்புற்றுநோயின் வீதம் ஐரோப்பா, வட அமெரிக்காவைவிட வெகு குறைவு. சிறிய எண்ணை நான்கால் பெருக்கினாலும் வருவது சிறிய எண்தான். பிசிஓஎஸ் உள்ள எல்லோருக்கும் வழக்கமான புற்றுநோய்ச் சோதனை தேவையில்லை என 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி கூறுவதும் மொத்த வாய்ப்பு குறைவு என்பதால்தான்.

சினைப்பைப் புற்றுநோயைப் பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இளவயதினரிடம் வாய்ப்பு கூடுவதாக 2014 தொகுப்பாய்வு சொல்ல, டென்மார்க் ஆய்வு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் எச்பிவி வைரஸ்; பிசிஓஎஸ் அல்ல.

திருவனந்தபுரத்துக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை வேண்டியிருக்கிறது. இங்குள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் உருவான மண்டலப் புற்றுநோய் மையம், தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் தொடக்ககாலப் பதிவகங்களுள் ஒன்றை நடத்திவருகிறது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் சிகிச்சைக்கு நாடி வரும் இடம் இது. இந்தியாவின் பல பகுதிகளோடு ஒப்பிட்டால் இங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைவு. ஆனால் உட்படலப் புற்றுக்கு வழிவிடும் காரணங்கள் கேரளத்தில் நிறையவே உள்ளன. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக் கேரளப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் மிகை எடையினர். நாட்டின் சராசரி 24. தமிழ்நாட்டின் எண் 40.4 என்பதால் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கேரளத்தில் வயதுவந்தோருள் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு.

தடுப்பு கடினமானதன்று. முட்டை வெளியாகாத பெண்ணுக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறையாவது புரோஜெஸ்டோஜன் மாத்திரை கொடுத்து உட்படலத்தை உதிரச் செய்கிறார்கள். கூட்டுக் கருத்தடை மாத்திரையும், ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனமும் படலத்தைக் காக்கின்றன. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது. புற்றைத் தொடக்க நிலையில் கண்டுபிடித்தால், குழந்தை வேண்டும் என்று விரும்பும் இளம்பெண்கள் சிலருக்குக் கருப்பையை அகற்றாமல் ஹார்மோன் சிகிச்சை அளிக்க முடியும்.

இடையூறாக நிற்பது நம் வீட்டுப் பழக்கம். மணமாகாத பெண்ணிடம் ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்’ என்கிறார்கள். மணமானவள் குழந்தைக்காக மட்டும் மருத்துவரைப் பார்க்கிறாள். பிள்ளை பிறந்ததும் மாதவிலக்கு நான்கு மாதம் தள்ளிப்போனாலும் யாரும் கேட்பதில்லை. ஒருமுறை குழந்தை பெற்றது இந்தக் கோளாறுக்கு முடிவாகாது.

ஆகவே, கர்ப்பம் இல்லாமலே மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராதவர்களும், நெடுநாள் நின்று பின்பு மிகுதியான இரத்தப்போக்கு உள்ளவர்களும், இடையிடையே இரத்தம் காண்பவர்களும், மணமாகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அவர் ஸ்கேன் செய்து, உட்படலத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பார்.